தொப்பிக் கவுண்டரில் கேட்ட கேள்வி

மெர்வின் ஹாக்கிங்கின் தொண்டையில் வளர்ந்திருந்த சின்னச் சதையை வெட்டி எடுத்த அடிலெய்டு டாக்டர், "ரெண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் பேச்சுதான். புண்ணு கிழிஞ்சுதுன்னா அப்புறம் குரல் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். சேதி ஊருக்கு வந்ததும் மெர்வின் வழக்கமாகப் பீர் குடிக்கும் கடையில் அவருடைய கூட்டாளிகள் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நக்கல் பண்ண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெர்வினைப் பேசாதே என்பது கோழியைக் கிளறாதே என்பதைப் போலத்தான். வயதுக் காலமெல்லாம் சுரங்கத்துக்குள் ஈயமும் துத்தநாகமும் வெட்டிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு பேச்சையே தொழிலாக வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில், வார இறுதியைக் கழிக்க வெளியூரிலிருந்து வருபவர்களை ஆர்ஜென்ட் தெருவில் நடத்திக் கூட்டிப்போய்ப் பழைய கட்டடங்களைக் காட்டிக் கதை சொல்வார். எங்கள் புரோக்கன் ஹில் ஊர் முழுவதையுமே பாரம்பரிய நகரம் என்று அறிவித்துவிட்டார்களே, அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கோடையில் நாங்கள் வெந்து சாகும் தகர வீடுகளை மெல்போர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். என்ன அழகைக் கண்டார்களோ தெரியவில்லை.

அப்படி வருபவர்களுக்கு வாடகைக்கு விடவென்று தங்கள் வீட்டின் முன்னறையை மெர்வினின் மனைவி டல்சி ஒழித்து வைத்திருந்தாள். எண்பது வயதிலும் முதுகு வளையாத பெண். மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பொறுக்க மாட்டாள். கணவர் கூட்டிப்போகும் நடைக்கு மட்டும் அவள் ஒரு நாளும் போனதில்லை. "நாப்பது தடவை கேட்ட கதை, நாலு கல்லு நடந்து போய்க் கேக்கணுமா?" என்பாள். அதில் பாதிதான் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெல்போர்னிலிருந்து காரில் வந்து இறங்கிய தம்பதி இங்கிரிட்டும் டார்சியும். நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இங்கிரிட் வாசலிலேயே மெர்வினைப் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

"டார்சி, இவருதான்! நான் சொல்லிக்கிட்டே இருந்தேனே, இவரேதான்!"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோழியோடு வந்தபோது மெர்வினின் நடையில் கலந்துகொண்டவள் அவள். அன்றைக்குக் கேட்ட கதையைக் கணவனையும் கேட்க வைக்க வேண்டுமென்று இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மெர்வின் முகமெல்லாம் மலர்ந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"ஆபரேஷன் ஆயிருக்கு. பேசக் கூடாது" என்றாள் டல்சி. "நாளைக்கு நடை கிடையாதும்மா. கட்டடமெல்லாம் அங்கதான் நிக்குது, நீங்களே போய்ப் பாத்துக்கலாம்."

இங்கிரிட்டுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

சாப்பாட்டு மேசையில் டல்சி வெட்டிவைத்த குளிர்ந்த இறைச்சியும், கேரட்டையும் சீஸையும் துருவிப் பிசைந்த எங்கள் ஊர்ச் சாலடும் பரிமாறிக்கொண்டிருந்தபோது தரை ஒரு தடவை உதறியது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. டார்சி முள்கரண்டியோடு எழுந்து கதவுப் பக்கம் ஓடினான்.

"உக்காருங்க தம்பி, உக்காருங்க. சுரங்கத்துல வெடி வைக்கிறாங்க" என்றாள் டல்சி. "பகல் ஷிப்டு ஆளுங்க அத்தனை பேரும் மேல வந்துட்டாங்கன்னு அர்த்தம். ஆள் உள்ள இருந்தா வெடிக்க மாட்டாங்க."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"வெடிக்கலேன்னாத்தான் பயம்."

டார்சி அசட்டுச் சிரிப்போடு வந்து உட்கார்ந்தான். அவனுடைய படபடப்பை ஆற்றுவதற்கென்றே இங்கிரிட் அந்தக் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தாள். சொன்னவருக்கு முன்னாலேயே சொல்லும் பெருமை வேறு.

"அந்தக் காலத்துல இந்த ஊருல கல்யாணமான பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது. தொழிலாளர் சங்கத்தோட சட்டம். ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம், மத்த வேலையெல்லாம் கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு. இவங்க பென்னாக் ஜவுளிக் கடையில தொப்பி விக்கிறாங்க. இவரு சங்கத்துல பிரதிநிதி. ரெண்டு பேரும் ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிறாங்க! அப்புறம் எப்படியோ, தொப்பிக் கடைப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு மட்டும் சங்கத்துக்குத் தெரிஞ்சுபோகுது. யாரோடன்னு தெரியல. போய் விசாரிச்சுட்டு வான்னு யாரை அனுப்புறாங்க தெரியுமா? இவரையே! இவரு போய்க் கவுண்டர்ல நின்னுக்கிட்டு, 'மிஸ் பாஸ்கோ, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?'ன்னு கேக்குறாரு. இவங்க சொல்றாங்க, 'என்னைக் கட்டிக்கிட்ட ஆளைக் கேளுங்க'. உடனே இவரு கடையே அதிர்ற மாதிரி, 'கேக்கவே வேணாம்யா, அந்தப் பாவப்பட்ட பய நான்தான்!'"

டார்சி மேசையைத் தட்டிச் சிரித்தான். மெர்வின் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல் ரொட்டியை எடுத்தார். டல்சி, இன்னும் சாப்பிட்டு முடிக்காத டார்சியின் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கதையில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் நடந்ததுதான்.

பென்னாக் கடையின் தொப்பிப் பிரிவில் டல்சி பாஸ்கோ பதினாறு வயதில் சேர்ந்தாள். பெட்டி துடைப்பதில் ஆரம்பித்து, இருபது வயதில் அந்தப் பிரிவே அவள் கையில் இருந்தது. உள்ளே நுழையும் பெண்ணின் நெற்றியையும் தாடையையும் பார்த்த மாத்திரத்தில் எந்தத் தொப்பி, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையாலும் தொப்பியை இறக்கி வைத்து, ஒரு விரலால் ஓரத்தைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் திருப்புவாள். சுரங்கத் தூசி படிந்த துணி அலசிச் சலித்த பெண்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்து ஒரு கணம் நிமிர்ந்து நிற்பார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே டல்சி காலையில் எழுந்தாள் என்று சொன்னாலும் மிகையில்லை.

கல்யாணம் செய்தால் இது போய்விடும். மெர்வினை விட்டும் அவளால் இருக்க முடியாது. அதனால் அக்டோபர் மாத நீண்ட வார இறுதியில், ஒரே ரயிலில் தனித்தனிப் பெட்டியில் ஏறி அடிலெய்டு போனார்கள். கடலோரத்தில் ஒரு சின்னத் தேவாலயத்தில், டல்சியின் பெரியம்மா மகள் சாட்சி நிற்க, மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். திங்கட்கிழமை இரவு ரயிலில் திரும்பி வந்து அவள் அப்பா வீட்டுக்கும் அவர் அப்பா வீட்டுக்கும் போய்விட்டார்கள். அதன் பிறகு ஊர் பார்க்க ஒன்றரை வருடம் காதலித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, புருஷன் பெண்டாட்டி கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்த கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும்.

ஒரு நாள் கீழ்த்தட்டிலிருந்து பெட்டி எடுக்கக் குனிந்தபோது, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த மோதிரம் சட்டைக்கு வெளியே வந்து விழுந்தது. தொப்பி பார்க்க வந்த திருமதி ஜெங்கின் அதைப் பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

யாரைக் கட்டினாள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சங்கப் பிரதிநிதியே சங்கச் சட்டத்தை மீறுவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடிலெய்டு ஆளாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. டல்சியை அவள் அம்மா பெற்றதே அடிலெய்டில்தான். கடற்கரைக்குப் போன இடத்தில் நாளாவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம் என்றாலும், பிறந்த இடம் வேறாகிவிட்டதால் எங்கள் ஊர்க் கணக்கில் அவள் வெளியூர்க்காரிதான். "வெளியூர்க்காரி புத்தி எங்க போவும்?" என்று பேசினார்கள். ஏமாந்த காதலன் என்று மெர்வினைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில், "விடுடா மெர்வ், இவ போனா இன்னொருத்தி. தொப்பியும் மிச்சம்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பேச்சுக்காரர், அப்போது வாயைத் திறக்கவே இல்லை.

சங்கங்களின் கவுன்சிலில் வயதான பிரிஸ்க் என்பவர்தான் இந்த மாதிரி விவகாரங்களைப் பார்ப்பவர். இளம் பிரதிநிதியான மெர்வினைத் துணைக்கு அழைத்தார். "வாடா, ஒனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்ல. நீயே கேளு" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். டல்சி தொப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். மெர்வின் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அதுவும் அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தொப்பிதான். கேட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிட்ட ஆளைக் கேளுங்க" என்றாள்.

வேலை போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் அப்போதே விட்டுவிட்டாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவருமாகத் தலை நிமிர்ந்து அந்தக் கடையைவிட்டு வெளியே போகலாம் என்று நினைத்தாள். அவள் காத்திருந்தாள். பிரிஸ்க் காத்திருந்தார். திருமதி ஜெங்கின் காத்திருந்தாள். மெர்வின் தொப்பியின் ஓரத்தை விரலால் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். டல்சி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக் கவுண்டரில் வைத்துவிட்டு, தனியாக நடந்து வெளியே போனாள்.

ஒரு வாரம் கழித்து மெர்வினே பிரிஸ்க்கின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பதவி போய்விடும் என்று அவர்கள் பயந்ததுபோல் வானம் இடிந்து விழவில்லை. கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவள்தான் வேலையை விட்டுவிட்டாளே, பிறகு என்ன என்று கவுன்சிலும் விட்டுவிட்டது. மெர்வின் பிரதிநிதியாகவே நீடித்தார். அவர்கள் உல்ஃப்ராம் தெருவில் தகர வீடு பிடித்துக் குடிபோனார்கள். அதே வருடக் கடைசியில் ஒரு நண்பனின் கல்யாண விருந்தில் மெர்வின் முதல் முறையாக அந்தக் கதையைச் சொன்னார். "அந்தப் பாவப்பட்ட பய நான்தான்" என்று முடித்தார். கூடாரமே ஆரவாரித்தது. பக்கத்தில் தட்டோடு நின்ற டல்சி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அன்றிலிருந்து அதுதான் கதை. கடையில் இருந்தவர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நடந்தது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். டல்சி யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. ஊருக்கு அவர் என்னவாவது சொல்லிக்கொள்ளட்டும். வீட்டுக்குள், தன்னிடம், ஒரே ஒரு தடவை, அன்றைக்கு நான் வாயடைத்து நின்றேன் என்று அவர் சொல்ல வேண்டும். அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், போனார்கள். அவர் சொல்லவில்லை. நல்ல கணவர், குடித்துவிட்டுக் கை ஓங்காதவர், அவள் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி போட்டுத் தருபவர். இதை மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சட்டம் ஒழிந்தபோது டல்சிக்கு நாற்பது வயதுக்கு ஒன்று குறைவு. மறுநாளே பென்னாக் கடைக்குப் போனாள். தொப்பி போடும் வழக்கம் அதற்குள் செத்துப் போயிருந்தது. அவள் பிரிவில் துண்டுகள் அடுக்கியிருந்தன. கடையையே இழுத்து மூடும்வரை அங்கே துண்டு விற்றாள். துண்டை யாரும் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை காலை, ஊர் சுற்றுலா அலுவலகத்திலிருந்து கார்லீன் என்ற பெண் போன் செய்தாள். "டல்சி, பன்னெண்டு பேரு பேர் கொடுத்திருக்காங்க. வேற ஆளே இல்ல. நீங்க வந்து நாலு வார்த்தை சொல்ல முடியுமா?"

"என்னால ஆகாதும்மா. ரத்து பண்ணிடு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மெர்வின் சட்டை மாற்றி, நடைக்குப் போடும் பூட்சை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

அவர் வாசலைக் காட்டினார்.

"போய் என்ன பண்ணுவ? பொம்மலாட்டமா? பன்னெண்டு பேரைப் பாத்ததும் வாயைத் திறப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

அவர் உதட்டைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடுவதுபோல் சைகை காட்டினார். டல்சி நம்பவில்லை. குரல் போனால் இந்த மனிதருக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தாள். அதே சமயம் இன்னொரு நினைப்பும் வந்தது. நல்ல நினைப்பு என்று சொல்ல முடியாது. இன்றைக்கு இந்த ஆள் குறுக்கே பேச முடியாது.

"இரு, நான் வர்றேன். நான் பேசுறேன். நீ பின்னாடியே வா" என்றாள்.

இங்கிரிட்டும் டார்சியும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கடிகாரம் அடிலெய்டு நேரத்தில் ஓடுவது தெரியாமல், மெல்போர்ன் நேரத்தை நம்பி அரை மணி முன்னாலேயே வந்து வெயிலில் நின்றிருந்தார்கள். டல்சியைப் பார்த்ததும் இங்கிரிட் கையைத் தட்டினாள். "நீங்களா சொல்லப்போறீங்க? ஐயோ, இது இன்னும் நல்லா இருக்கும்! சம்பந்தப்பட்டவங்க வாயாலயே!"

டல்சிக்கு முதல் இரண்டு கட்டடங்களில் குரல் நடுங்கியது. பிறகு சரியாகிவிட்டது. மெர்வின் சொல்லாத விஷயங்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. சுரங்கச் சங்கு நேரமில்லாத நேரத்தில் ஊதினால் பெண்கள் எந்தத் தாழ்வாரத்தில் வந்து கூடுவார்கள், அங்கே யார் யாருடைய கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னாள். தெருக்கோடியில் கறுப்பாக நிற்கும் சுரங்கக் கழிவு மேட்டைக் காட்டி, "அதுல இருந்து பறந்து வர்ற தூசிய நான் தொடைச்ச மாதிரி வேற யாரும் தொடைச்சிருக்க மாட்டாங்க. இப்ப அதுவும் பாரம்பரியமாம், தொடைச்சது தப்பாப் போச்சு" என்றாள். சிரித்தார்கள். கட்டடம் கட்டிய வருடத்தை அவள் தப்பாகச் சொன்னபோதெல்லாம் பின்னாலிருந்து மெர்வினின் கைத்தடி டக்கென்று தட்டியது. "சரிய்யா, நீயே சரி. வருஷத்தை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?" என்று அவள் திரும்பாமலேயே சொன்னதற்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

பென்னாக் கடை முன்னால் வந்து நின்றார்கள். இப்போது கீழே செல்போன் பழுது பார்க்கும் கடை. மேலே பெயர் மட்டும் செங்கல்லில் புடைத்து நிற்கிறது. அகலமான தாழ்வாரத்து நிழலில் எல்லோரும் ஒதுங்கினார்கள். இங்கிரிட், டார்சியை முன்னால் தள்ளிவிட்டாள்.

டல்சி சொன்னாள். மோதிரத்தைச் சொன்னாள், ரயிலைச் சொன்னாள், பூங்கா பெஞ்சைச் சொன்னாள். தொப்பிகளைப் பற்றி மெர்வின் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் அதை நிறையச் சொன்னாள். கண்ணாடி முன் நிற்கும் பெண்களின் முகத்தைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெண் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அங்க, அந்த போன் மாட்டி வச்சிருக்காங்களே, அந்த இடத்துல நான் நின்னேன். இவரு எனக்கு முன்னாடி நின்னாரு. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாரு. என்னைக் கட்டிக்கிட்ட ஆளைக் கேளுங்கன்னு சொன்னேன்."

நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றான் டார்சி. முந்தின நாள் கேட்ட கதைதான் என்றாலும் அவனுக்குக் கண் விரிந்திருந்தது. "அவரு என்ன சொன்னாரு?"

காலையில் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தபோதே டல்சி பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, இந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் தனியாக நடந்து போனேன். அவ்வளவுதான். இத்தனை வருடமாகப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தாள். தூண் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். விரல் ஓரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு வயது. தலையில் நாலு முடி. தொண்டையில் பிளாஸ்திரி. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தடுக்க ஒரு சைகையும் செய்யவில்லை.

டல்சிக்கு அந்த நேரத்தில் நெஞ்சு இளகிவிட்டது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது. இந்த ஆளை இத்தனை பேர் நடுவில் எப்படித் தலைகுனிய நிறுத்துவது? போகட்டும், அவருடைய பொய்யையே தானும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, "அவரு என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தாள்.

கைத்தடி தரையில் தட்டியது. வருடம் எதுவும் அவள் சொல்லவில்லையே என்று டல்சி நினைத்தாள். மறுபடியும் தட்டியது. மெர்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"பேசாத! மெர்வ், பேசாத, டாக்டர் சொல்லி..."

"ஒண்ணும் சொல்லல."

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. துருப்பிடித்த கதவை இழுத்ததுபோல் வந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லல, டல்ஸ். பயந்துட்டேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கினார், வலியில் கண்ணில் நீர் வந்தது. டல்சி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தாள். அவசரத்தில் பாதி அவர் சட்டையில் கொட்டியது.

இங்கிரிட்டுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "ஆனா போன தடவை இவரு... 'பாவப்பட்ட பய நான்தான்'னு... நான் என் காதால கேட்டேனே?"

"போன தடவை இவருக்குத் தொண்டை நல்லா இருந்துச்சும்மா" என்றாள் டல்சி.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மெர்வின் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தார். டல்சி அவர் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"போதும். இனிமே ரெண்டு வாரம் மூச்சு விடக் கூடாது நீ. வீட்டுக்குப் போனதும் டாக்டருக்குப் போன் போடுறேன், திட்டு வாங்கு."

அவர் தலையை ஆட்டினார். தொப்பி இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. டல்சி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து அவர் தலையில் மெதுவாக இறக்கி வைத்தாள். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். மறுபடி கிட்டே வந்து, ஒரு விரலால் ஓரத்தைத் தட்டிச் சற்று இடப் பக்கமாகச் சாய்த்துவிட்டாள். செல்போன் கடையின் கண்ணாடியில் மெர்வின் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தது தபால் ஆபீஸ்" என்றாள் டல்சி கூட்டத்தைப் பார்த்து. "வாங்க, வெயில் ஏறுது." மெர்வினின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.